மாத்திக்கலாம் என்றார்கள்

தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திய அதே வருடத்தில் நான் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். மூடியில் வேதாளத்தின் கோரைப்பல் மாதிரி ஏதோ ஒன்று சிவப்பாக எரியும். கீபோர்டில் வானவில் ஓடும். தாம்பரம் கடையிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்மணி "பையனுக்கா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். அதில் பாதிதான் பொய்.

வாங்கியதைக்கூட மன்னித்துவிடலாம். கடையில் இருந்த அத்தனையிலும் இதைத் தேர்ந்தெடுத்த காரணம்தான் வெளியில் சொல்லக் கூசுகிறது. நான் ஒரு வினைச்சொல்லை நம்பினேன்.

"மத்ததுல எல்லாம் கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டோட ஒட்டியே வரும் சார்" என்றார் விற்பனையாளர். "பழசாச்சுன்னா மொத்தமா தூக்கிப் போட வேண்டியதுதான். இதுல பாருங்க, அடியில தனிக் கதவு. பின்னாடி புது கார்டு வந்தா மாத்திக்கலாம்."

மாத்திக்கலாம். யார் மாற்றுவார் என்று அந்தச் சொல்லில் இல்லை. எப்போது என்றும் இல்லை. எதைக் கொண்டு என்பதைப் பற்றி மூச்சே இல்லை. எழுவாயும் காலமும் இல்லாமல் வெறும் நம்பிக்கையாக நிற்கிற சொல். இலக்கணம் படித்தவன் நான். பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குபவனைப் போல அந்தக் கதவின் திருகாணிகளைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கினேன்.

இந்தக் கூத்து யாருக்காக என்று சொல்லிவிடுகிறேன். என் மகன் புனேயில் வேலை பார்க்கிறான். அவனை ஒரு வார்த்தை கேட்காமல், குன்றத்தூர் மலைக்கோயிலில் தற்செயலாகச் சந்தித்த ஒரு குடும்பத்துக்கு, அவர்கள் பெண்ணை எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பெண் பார்க்க அவன் வரவே இல்லை. வாக்கு மலையிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு அவன் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை.

பேசாமல் இருந்தான் என்று சொல்ல முடியாது. அம்மாவை அழைக்கும்போது போனை நான் எடுத்துவிட்டால், "அம்மாகிட்ட குடுக்கலாம்" என்பான். 'குடுங்க' என்றால் என்னை ஒப்புக்கொண்டதாகிவிடும். 'குடு' என்று சொல்ல வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. நம் வீடுகளில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கென்றே உருவான இலக்கணம் இது. சாப்பிடலாம். கதவச் சாத்தலாம். நல்லா இருந்தா சரி. எதிரே ஒரு ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் ஆயுள் முழுக்கப் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுகிறான், வேறு ஊரில் இருப்பவர்களும் தங்கள் லாரியோடு பின்னால் சேர்ந்து ஓட்டலாம் என்று மனைவி வழியாகத் தெரியவந்தது. என் பழைய லேப்டாப் அந்த விளையாட்டைத் திறக்கவே மறுத்தது. அதனால்தான் இந்தக் கோரைப்பல்.

அவன் முன்னால் போவான். நான் பின்னால். ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரச் சாலைகளில், யாருடைய தக்காளியையோ ஏற்றிக்கொண்டு போவோம். காதில் மாட்டிய கருவியில் அவன் குரல் வரும். "லெஃப்ட் எடுக்கலாம்." "டீசல் போட்டுக்கலாம்." நானும் அதே இலக்கணத்தில், "மெதுவா போலாமே" என்பேன். என்றாவது ஒருநாள் நான் பள்ளத்தில் கவிழும்போது பதற்றத்தில் வாய்தவறி "அப்பா!" என்றுவிடுவான் என்று ஒரு கணக்கு எனக்கு இருந்தது. அதற்காக வேண்டுமென்றே கவிழ்ந்தும் பார்த்தேன். "லாரி சாஞ்சிருச்சு போல" என்றான்.

பிறகு விளையாட்டுக்குப் புதிய வடிவம் வந்தது. என் கார்டுக்கு அதைச் சுமக்கத் திராணி இல்லை. மரங்கள் நான் கடந்துபோன பின் முளைத்தன. அவன் லாரி சக்கரம் இல்லாமல் மிதந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் திரை அப்படியே உறைந்து நிற்க, காதில் மட்டும், "பின்னாடி லாரியக் காணமே" என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "கார்டு மாத்திக்கலாம்" என்றான்.

அவன் வாயிலும் அதே சொல்.

இரும்புலியூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் இருந்த சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் வாங்கிக் காத்திருந்து முன்னால் போய் நின்றதும், கவுன்டரில் இருந்த பெண், லேப்டாப்பின் மாடல் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த மாடலுக்கு இப்போ கார்டு வர்றதில்ல சார். கம்பெனியே நிறுத்திட்டாங்க."

"வேற லேப்டாப்போட கார்டு?"

"அதோட ஷேப் வேற சார். உட்காராது."

"மாத்திக்கலாம்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"மாத்திக்கலாம் சார்" என்றார், துளியும் தயங்காமல். "கார்டு இருந்தா."

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்பீர்கள். சிட்லபாக்கத்தில் இருக்கிறோம். ஏரி எங்கள் கூடத்துக்குள் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனதால், கையில் இருந்ததெல்லாம் தரையை உயர்த்துவதில் போய்விட்டது. வாரங்கள் போயின. இணையத்தில் தேடித் தேடி, அதே மாடலை உடைத்து விற்கும் ஒருவரிடம், இதைவிட வலுவான கார்டு ஒன்றைப் பிடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தது மேற்குத் தாம்பரத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம்.

அவர் அடிக்கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், இந்த வயசுல கேமா?"

"பையனோட ஆடறேன்."

"குடுத்து வெச்சவன்பா உன் பையன். பழசப் புடுங்கறது ஈஸி சார். இது உக்காந்துக்கும். ஆனா சூடு ஜாஸ்தி. உள்ள கீற ஃபேன் தாங்குமான்னு என்னால கேரண்டி குடுக்க முடியாது. இன்னா, மாட்டவா?"

"மாட்டுங்க."

மாட்டினார். கோரைப்பல் சிவந்தது. வானவில் ஓடியது. வீட்டுக்கு வந்து, ஞாயிறு காலை, விளையாட்டைத் திறந்தேன். மரங்கள் அதனதன் இடத்தில் நின்றன. அவன் லாரிக்குச் சக்கரம் இருந்தது. "வந்தாச்சு போல" என்றான். அந்தக் குரலில் ஏதோ இளகியிருந்ததாக எனக்குத் தோன்றியது, தோன்றத்தானே செய்யும். ஒரு சுங்கச்சாவடியைத் தாண்டியிருப்போம். விசிறி பிரஷர் குக்கர் போல இரைந்தது. பிறகு இரைச்சல் நின்றது. புகைகூட வரவில்லை, கருகின பிளாஸ்டிக் வாசனை மட்டும். திரையில் கறுப்பு. அதில் என் முகம், காதில் அந்தக் கருவியோடு.

ரிப்பேர்க்காரர் மதர்போர்டே போய்விட்டது என்றார். கார்டை மாற்றிக்கொள்ளலாம், மற்றதெல்லாம்தான் மாற்ற முடியாது.

அடுத்த ஞாயிறு மனைவி புனேக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை விரித்து, படிக்காமல், உட்கார்ந்திருந்தேன். போனை வைத்துவிட்டு வந்தாள்.

"லேப்டாப் ஒரேயடியா போயிடுச்சு, இனிமே அவரால ஆட முடியாதுன்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"அவன் அந்த கேம விட்டே ரொம்ப நாளாச்சாம். இவ்ளோ பெரிய பொட்டி வாங்கிட்டு வந்து நிக்கறீங்களேன்னுதான் சண்டே சண்டே எந்திரிச்சு உக்காந்தானாம்."

"சரி, போயிடுச்சுன்னதும் என்ன சொன்னான்?"

"'அப்பாடா'ன்னான்."

நான் பேப்பரை மடித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? அதுலயும் ஒரு அப்பா இருக்கே, எடுத்துக்கோங்க."