பங்கோர் தீவில் ஒன்பதாம் நெரை

விடியற்காலை ஐந்து மணிக்கு தொழிலாளர் லயத்தில் இருக்கும் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். பங்கோர் தீவுக்குப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டார் கடற்கரை, மீன், நெத்திலி என்று ஆசையாய்ப் பேசினார்கள். நான் போனது தனத்தைப் பார்க்க. கொழுந்து எடுத்த காலமெல்லாம் எட்டாம் நெரையில் அவள், ஒன்பதாம் நெரையில் நான். தேயிலை வரிசையை நாங்கள் நெரை என்போம். வயதான பிறகு அவள் மகனோடு தீவுக்குப் போய்விட்டாள். இப்போது அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, பெற்ற மகனையே யாரென்று கேட்கிறாள் என்று மருமகள் கலா போனில் சொன்னாள். என்னையும் கேட்டுவிடுவாளோ என்ற பயம் அன்றைக்கே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

கோஸ் ஏற்றிய லாரி ஒன்று என்னைச் சந்தியில் ஏற்றிக்கொண்டது. கியா பார்மில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. கோலா தெர்லா, கம்போங் ராஜா தாண்டி பேராக் பக்கம் இறங்கும்போது பனி மூடி, முன்னால் போன வண்டியே தெரியவில்லை. தோட்டத்தில் இப்படி மூடினால் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரைக் கேட்டுக்கொண்டு வேறு ஏதாவது பதில் கொடுக்கும் என்று பயம். நெரையின் எண்ணைத்தான் கூப்பிடுவோம். பதில் வராவிட்டால் அவரவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேடப் போகவேண்டும். லாரிக்காரரிடம் இதைச் சொன்னேன். "இப்பதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே பாட்டி, பேய்க்கும் ஒரு நம்பர் குடுத்துடலாம் லா" என்று சிரித்தார்.

ஈப்போவில் லாரியை விட்டு பஸ் ஏறி, பதினொரு மணிக்கு லுமுட் படகுத்துறை. கடலை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். மலையில் கால் சறுக்கினாலும் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. படகில் ஏறி அரைமணி நேரம் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடியே இருந்தேன். படகு முதலில் நிற்பது சுங்கை பினாங் கெச்சில். அங்கேதான் இறங்கச் சொல்லியிருந்தாள் கலா. பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மாளும் கை காட்டினார். நான் கம்பியை விடவில்லை. படகு நகர்ந்துவிட்டது.

அடுத்த துறை பங்கோர் டவுன். கருவாட்டுக் கடைகள், சீனர் சாப்பாட்டுக் கடைகள், வரிசையாக ரோஸ் நிற வேன்கள். தமிழர் ஒருவரின் வேனை எண்பது வெள்ளி வாடகை பேசித் தீவைச் சுற்றிக்காட்டச் சொன்னேன். தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டைக்குக் கூரையே இல்லை. பாசிர் போகாக்கில் மணலில் நின்றேன். அலை வந்து காலடி மண்ணை உருவிக்கொண்டு போனது, அலறாத குறைதான். தெலுக் நிப்பாவில் மூக்கின்மேல் கொம்பு வைத்த பெரிய பறவைகள் ஆள் கையிலிருந்தே பழம் தின்கின்றன. எல்லாம் நல்ல ஊர்கள். ஒன்றும் என் மனதில் ஒட்டவில்லை. தெலுக் டாலாமிலும் வேனை நிறுத்தச் சொன்னபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"வீடு சுங்கை பினாங்லன்னு சொன்னீங்க. தீவையே அளந்துட்டோம் பாட்டி. உள்ள போக பயமா?"

சுற்றிப் பார்க்க வந்தவளுக்கு என்ன பயம் என்றேன். அவர் மேடேறி, காளியம்மன் கோயில் தாண்டி, வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். மணி நாலு.

தனம் கடலைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தாள். என் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். அவள் மரியாதையாக எழுந்து, "வாங்க, டீ குடிச்சீங்களா? யாரு வேணும் உங்களுக்கு?" என்றாள். வாடி போடி என்று மட்டுமே என்னைக் கூப்பிட்டவள்.

கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து மழை வந்தது. எதிரே நின்ற படகுகள் வெள்ளையில் ஒவ்வொன்றாக மறைந்தன. தனத்தின் முகம் மாறிப்போனது. கூடைக் கயிறு பதியும் இடத்தில், நெற்றியில், கையை வைத்துக்கொண்டாள். மகன் அம்மா என்றான், நான் தனம் தனம் என்றேன். கூப்பிடக் கூப்பிட அவள் சுவரோடு ஒடுங்கினாள். இப்படி மழை வந்தாலே இதுதான், ஏனென்று டாக்டருக்கும் தெரியவில்லை என்றாள் கலா.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம். பனிக்குள் நிற்பவளை.

 நெரை எண்ணுக்கும் பதில் வராவிட்டால் வேறு வழி கிடையாது. குரலை நீட்டிக் கூப்பிட்டேன். "எட்டூ..."

அவள் கை இறங்கியது. "இருக்கேன். ஒம்போது?"

"இருக்கேன்."

"பள்ளத்துப் பக்கம் கால வைக்காதடி."

மழை விடும்வரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு வேறொரு பயம் பிடித்தது. நான் ஊருக்குப் போனபின் மழை வரும். ஒன்பதாம் நெரையிலிருந்து பதில் வராது. நான் பள்ளத்தில் விழுந்துவிட்டேன் என்றுதானே நினைப்பாள். தேடிக்கொண்டு கடலுக்குள் இறங்கினால்?

மறுநாள் கலாவைப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"எனக்குத் தோட்டத்து வேலையே தெரியாது பெரியம்மா."

"வேல ஒண்ணும் இல்ல. கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லணும். நீதான் ஒம்போது."

மதியம் மறுபடி மழை மூடியது. தனம் கூப்பிட்டாள். கலா பதில் சொன்னாள். தனம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கொரல் கம்மிக் கெடக்கு. பனியில நிக்காதடி" என்றாள் கலாவிடம்.

மழை விட்டதும் சொல்லாமல் படகுத்துறைக்கு நடந்தேன். சொல்லிக்கொண்டால் யார் நீங்கள் என்பாள். திரும்பும் படகிலும் கம்பியை விடவில்லை.

அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் கோட்டையையும் பறவையையும் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் துறையிலேயே இறங்கிவிடுங்கள். எங்கள் மலையில் மதியத்துக்கு மேல் பனி இறங்குகிறது. மெஷின் வைத்துக் கொழுந்து வெட்டுகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் நெரை எண் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும், ஒன்பதைக் கலாவிடம் விட்டுவந்த நான் எந்த எண்ணுக்குப் பதில் சொல்வது? வெள்ளைப் பனி வாசல்வரை வந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.