வியாழக்கிழமை பாட்டில்

அபுதாபி பக்கம் ருவைஸில் அப்போது ஷட்டவுன் வேலை, ஆலையை நிறுத்தி வைத்துப் பழுது பார்ப்பது. நான் சாரம் கட்டுகிறவன். எங்கள் ரூமில் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுத்தவன் வெல்டர். நான் மன்னார்குடிப் பக்கம், அவன் சிவகங்கைப் பக்கம். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஆனாலும் கேம்புக்கு வந்த முதல் வாரத்திலேயே அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்ள என்று ஆகிவிட்டோம். ஒன்றாகச் சமைத்தோம், ஒன்றாகக் குடித்தோம். ஒருநாள் காலை ஆலை கேட்டில் இரண்டு பேரையும் ஒன்றாகவே நிறுத்தி, வாயை ஊதச் சொல்லி, ரூமுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் வார்னிங் லெட்டர் வந்தது. இன்னொரு தடவை என்றால் கேன்சல். விசாவை ரத்து செய்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து பேசினோம். குடியை ஒரேயடியாக விட்டுவிடுகிறேன் என்றான் மச்சான். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் இரண்டு பேருமே ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள்தான். கார்த்திகை பிறந்துவிட்டால் நாற்பத்தெட்டு நாள் வாயில் ஒரு சொட்டு படாது. பெண்டாட்டி முதல் டீக்கடைக்காரர் வரை சாமி, சாமி என்பார்கள். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே விட்டதையெல்லாம் சேர்த்துக் குடித்துவிட்டுத் தெருவில் கிடப்போம்.

ஒரே கதையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னோம். நாற்பத்தெட்டு நாள் நிறுத்த முடிந்தவனுக்கு அளவாகக் குடிக்க முடியாதா என்பது என் கட்சி. "நிறுத்த முடியுது மாப்ள, கொஞ்சமாக் குடிக்கத்தான் முடியல" என்பது அவன் கட்சி. பெரிய சாமியார் வந்துவிட்டார் என்று கிண்டல் செய்தேன். எங்கள் ரூமில் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு முன்னால் ஒரே ஒரு கிளாஸ். அதோடு மூடி வைத்தால் அடுத்த வெள்ளி வரை அவருக்கு அந்த நினைப்பே வராது. அவரால் முடிகிறது, என்னால் ஏன் முடியாது? கேட்டேன். மச்சான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டான். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் திட்டம் இதுதான். வியாழன் சாயங்காலம் மட்டும், ஃபிளாஸ்க் மூடியால் இரண்டு மூடி. மறுநாள் லீவு என்பதால் யாரும் வாயை ஊதச் சொல்லப் போவதில்லை. ஆனால் பாட்டில் என் கையில் இருந்தால் எல்லா நாளும் வியாழக்கிழமை ஆகிவிடும் என்று எனக்கே தெரியும். யாரிடம் கொடுத்து வைப்பது? எலக்ட்ரீஷியன் அடுத்தவர் விஷயத்தில் தலையிட மாட்டார். குடியை விட்டவன் எடுத்துக் குடிக்க மாட்டான், மச்சானைவிட நம்பிக்கையான ஆள் யார் என்று என் மரமண்டைக்குத் தோன்றியது. அவனுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அவன் கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியில் பாட்டிலை வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். பாட்டில் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எழுத மாட்டேன்.

மூன்று மாதம் சுத்தமாக ஓடியது. வியாழன்தோறும் அவனே பெட்டியைத் திறந்து, அவனே ஊற்றி, மூடியைத் துடைத்துக் கொடுப்பான். கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவான். ஏன் போகிறான் என்று நான் யோசித்ததே இல்லை. வீட்டுக்கு நான் எப்போதும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் போன் பேசுவேன். வியாழன் ஓவர்டைம் என்று பெண்டாட்டியிடம் பல வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன். பாவம், நம்புகிறாள் என்று நினைப்பு.

பிறகு ஒரு திங்கட்கிழமை. நான் கட்டிய சாரத்தை ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் பூட்ஸ் காலால் உதைத்துக் காட்டி, ஹிந்தியில் என் அம்மாவை இழுத்துப் பேசினான். எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். திருப்பிப் பேசினால் வேலை போய்விடும் என்று அதை அப்படியே சுமந்துகொண்டு ரூமுக்கு வந்தேன். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, சாவியைக் கொடு என்றேன். இன்றைக்குத் திங்கள் என்றான் மச்சான். என் பாட்டில், என் வாய், நீ என்னடா வாத்தியாரா என்று கத்தினேன். குடிக்க வக்கில்லாத பயல் எனக்குக் காவலா என்றும் கேட்டேன். எலக்ட்ரீஷியன் எழுந்து வெளியே போய்விட்டார்.

மச்சான் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தான். பூட்டுக்குள் சாவி போகவில்லை. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் போனது. வெல்டிங் பிடிக்கும்போது நூல் பிசகாத கை அது. இப்போது அப்படி நடுங்கியது. குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். லேபிளில், அவன் மூடியைத் துடைக்கத் திரும்பும்போது, அவனுக்குத் தெரியாமல் நான் பேனாவால் போட்டு வைத்திருந்த கோட்டைப் பார்த்தேன். சரக்கு போன வாரம் விட்ட இடத்தில், ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது.

நான் எதைப் பார்க்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒனக்கு வாரத்துல ஒரு நாள்தான் வியாழக்கிழம மாப்ள. நான் தெனமும் இந்தப் பெட்டிக்கு மேலதான் படுக்குறேன். எனக்கு எல்லா நாளும் வியாழக்கிழமதான்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அளவு, அளவு என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததெல்லாம் அவனைக் காவலுக்கு வைத்த திமிர். அவன் ஊற்றி, அவன் பூட்டினான், அதனால் நான் அளவாகக் குடித்தேன். பாட்டிலைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். வாசனை போகும்வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.

அளவாகக் குடிக்கவே முடியாது என்று நான் இன்றைக்கும் யாரிடமும் வாதாட மாட்டேன். எலக்ட்ரீஷியனை என் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் நான் அவர் இல்லை. அந்த வாரத்திலிருந்து அவரும் தன் கிளாஸைப் பக்கத்து ரூமில் வைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சான் என்னை இழுத்துக்கொண்டு பலசரக்குக் கடைக்குப் போய் ஒரு போன் கார்டு வாங்கித் தந்து, வீட்டுக்குப் போடு என்றான். போட்டேன். அவள் எடுத்ததுமே பதறினாள்.

"என்னங்க, என்ன ஆச்சு? இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே?"

ஓவர்டைம் இல்லை என்றேன்.

"ஓவர்டைம்னு நான் என்னைக்கு நம்புனேன்?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. நான் குடிக்கவில்லை என்று சொல்லத் தேவையே இல்லாமல் போனது. பேச்சிலேயே கண்டுபிடித்திருப்பாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, அடுத்த வியாழக்கிழமையும் பேசுவீர்களா என்று கேட்டாள்.

பேசுகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாற்பத்தெட்டு நாளுக்கு மொத்தமாக வாக்குக் கொடுத்து, நாற்பத்தொன்பதாவது நாள் தெருவில் கிடந்தவன் நான்.

"நாளைக்குப் பேசுறேன்" என்றேன்.

மறுநாள் பேசினேன். அதற்கு மறுநாளும்.