அத்தையோடு புலி வீட்டுக்குப் போனது

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, பதுளைக்குப் போகிற வண்டிப்பாதை ஓரத்துச் சிங்களக் கிராமத்தில், சிறுத்தைக்கென்றே ஒரு நூதனசாலை இருந்தது. காட்சிப்பொருள் வைக்கிற இடத்துக்கு நூதனசாலை என்பதெல்லாம் பின்னால் நான் கற்றுக்கொண்ட சொல். அப்போது எங்களுக்கு அது புலி வீடு. ஒற்றை அறை, களிமண் சுவர், புல்லுக் கூரை, அவ்வளவுதான். சிறுத்தையைப் புலி என்றுதான் நாங்கள் சொல்வோம். வேறு புலி எதுவும் இந்த மலையில் இல்லாததால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. எனக்கு ஏழு வயது இருக்கும். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலேயே புலி வீட்டைப் பார்க்காத ஒரே பிள்ளை நான்தான் என்று தினமும் ஒரு பாட்டம் அழுதுகொண்டிருந்தேன்.

அந்த வீட்டை வைத்திருந்தவரை எல்லோரும் மருந்தையா என்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் மருந்து கலந்து கொடுத்தவர். பிறப்பால் சிங்களவர் என்றாலும் எங்கள் தமிழை எங்களைவிட நிதானமாகப் பேசுவார். வேலையை விட்ட பிறகு அவருக்குப் பேச்சும் மூச்சும் புலிதான். காட்டுக்குள் தனியாகப் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒரு நாளும் சுடத் துவக்கு எடுத்துப் போனதில்லை. புலி விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் துரைமாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். துரையின் விருந்தாளி ஒருவர் புலித்தடம் கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்தபோது, "இது நாய்த்தடம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவர். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பிற்பாடு பார்த்துவிட்டேன். அவருக்கு ஈடாக ஒருவரை என் மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் இடி விழுந்தது. அப்பா துரை பங்களாவின் மாட்டுக்காரர். துரைசாணி ஆசையாக வளர்த்த கன்றுக்குட்டி ஒரு வியாழக்கிழமை காணாமல் போனது. புலி அதைக் கவ்விக்கொண்டு போனதை அப்பா கண்ணால் பார்த்தார். ஆனால் அன்று கொட்டிய மழையில் ஒரு சொட்டு இரத்தமோ ஒரு தடமோ மிஞ்சவில்லை. துரை நம்பவில்லை. லுணுகலைப் பக்கம் யாருக்கோ கன்றைத் தள்ளிவிட்டுக் கதை கட்டுகிறான் என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் புலி வந்ததற்கு அடையாளம் காட்டாவிட்டால் பத்துச்சீட்டுத்தான் என்று சொல்லிவிட்டார். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். திருடன் என்ற பெயரோடு போகிறவனுக்கு நமுனுகுல மலையைச் சுற்றி எந்தத் தோட்டத்திலும் லயம் கிடைக்காது. அப்பா இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. அம்மா சட்டிபானைகளை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

இந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டாள். அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். கொழுந்து பறிப்பதில் அவளை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது.

"சும்மா மூக்கச் சிந்திக்கிட்டு இருக்காத. மூஞ்சியக் கழுவு, புலி வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றாள்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "குடும்பமே ரோட்டுல நிக்கப் போவுது. இப்பதான் ஒனக்கு வேடிக்கை கேக்குதா?"

"பச்சப்புள்ள ஆசப்படுது மதினி, விடுங்க."

என்மேல் அத்தைக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனேன்.

வாசலில் கால் வைத்ததும் குதிப்பெல்லாம் அடங்கி அத்தையின் சேலைக்குள் புகுந்துகொண்டேன். எதிரே புலி நின்றது. பன்றிக்கு யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டிச் செத்ததாம். மருந்தையா அதைத் தன் கையால் பாடம் பண்ணி வைத்திருந்தார். மரக்கட்டை ஒன்றில் ஏறப் போகிற தோரணை. ஒரு முன்னங்கால் மட்டும் எங்களை நோக்கி நீண்டிருந்தது. மற்ற மூன்று கால்களும் பாசியிலும் சருகிலும் புதைந்திருந்தன. உயிரில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அது இன்னும் ஒரு எட்டு வைக்குமென்றே தோன்றியது. அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை, கோயில் தேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மருந்தையா என்னைத் தூக்கி அதன் முதுகருகே காட்டினார். மஞ்சள் தோலில் கறுப்புக் கறுப்பாகப் பூக்கள். இரண்டு புலிக்கு ஒரே மாதிரிப் பூ விழாது என்றார். நகம் கீறிய மரப்பட்டை, முள்ளம்பன்றி முள் கலந்த எச்சம், மண்டையோடு, போத்தலில் போட்ட மீசை மயிர் என்று ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினார். கன்றுகளையும் ஆடுகளையும் ஏன் தூக்குகிறது என்று நான் கேட்டேன்.

"அது நம்ம எடத்துக்கு வரல தாயி. நாமதான் அது எடத்துல தேயில நட்டு வச்சிருக்கோம்" என்றார்.

அத்தைக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் அந்த நீட்டிய காலின் முன்னால் குந்தியிருந்தாள்.

"தொட்டுப் பாக்கலாங்களா?"

"தாராளமா."

உள்ளங்காலைத் தடவினாள், விரல்களை அமுக்கினாள், தன் முஷ்டியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நடக்கையில நகம் மண்ணுல படுமாங்க?"

"படாது. உள்ள இழுத்துக்கும். நகம் பதிஞ்சா அது நாயி."

"ஒரு எட்டுக்கும் இன்னொரு எட்டுக்கும் எம்புட்டுத் தூரங்க?"

மருந்தையாவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லையாம். அந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான்கு காலில் அறையைச் சுற்றி நடந்து காட்டினார். முன்னங்கால் பட்ட இடத்திலேயே பின்னங்காலையும் வைக்கும், அதனால்தான் சருகுகூடச் சத்தம் போடாது என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அவர் வைத்த ஒவ்வொரு எட்டையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்பே அத்தை என்னை எழுப்பி, அப்பா மாடு கட்டும் தொழுவத்துப் பக்கம் சுள்ளி பொறுக்கிவரச் சொன்னாள். போனேன். தொழுவத்தைச் சுற்றிச் சேற்றில் வரிசையாகப் புலித்தடம்! நான் போட்ட கூச்சலில் பெரட்டுக் களமே காலியாகி ஓடிவந்தது. முதலில் கண்டது நான்தான் என்று எல்லோரிடமும் மார்தட்டிக்கொண்டேன். துரை குதிரையிலிருந்து இறங்கிக் குனிந்து பார்த்தார். பிறகு மருந்தையாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

மருந்தையா வந்து முதல் தடத்தருகே குந்தினார். இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார். திரும்பவும் முதலாவதற்கே வந்தார். அப்பா கைகட்டி நின்றார்.

புலித்தடத்தில் நான்கு விரல் விழ வேண்டும். அன்று எனக்கு அது தெரியாது. பாவம், அத்தைக்கும் தெரியாது. புலி வீட்டில் நீட்டியிருந்த அந்தக் காலில் ஒரு விரலைக் கம்பிக் கண்ணி அறுத்திருந்தது. அத்தை தொட்டு மனப்பாடம் பண்ணியது அந்த ஒரு காலைத்தான். அதனால் எங்கள் தொழுவத்தைச் சுற்றி நடந்த புலிக்கு எல்லாக் காலிலும் மும்மூன்று விரல். வருஷா வருஷம் கண்ணன் பிறந்தநாளுக்கு அரிசிமாவில் முஷ்டியை அழுத்தி, விரல் நுனியால் பொட்டு வைத்து, வாசலிலிருந்து அடுப்படி வரை குட்டிப் பாதம் போடுகிறவள் அவள். மாட்டுக்காரர் வீட்டில் அது தவறாது. அதே கைதான் சேற்றிலும் வேலை பார்த்திருக்கிறது. நான் பெரியவளான பிறகு அத்தையே இதைச் சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

மருந்தையா எழுந்தார். கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். அத்தையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"புலிதாங்க தொரை" என்றார்.

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டார். துரை மன்னிப்புக் கேட்கவில்லை. துரைமாருக்கு அது பழக்கமில்லை. பத்துச்சீட்டுப் பேச்சை விட்டதே எங்களுக்குப் போதும். ஆனால் அதே மூச்சில், இரண்டு துவக்கும் புலிக்கு இரையாகக் கட்டிவைக்க ஓர் ஆடும் கொண்டுவரச் சொன்னார்.

"அது தூரப் போயிருக்கும் தொரை. இனிமே வராது" என்று மருந்தையா அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனார். துரை குதிரையில் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஓடைக்கரையில் ஒரு புலியைச் சுட்டார்கள். கால்களைக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, தப்பு அடித்துக்கொண்டு பங்களாவுக்குத் தூக்கிப் போனார்கள். தோட்டமே திரண்டது. அத்தை மட்டும் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். நாங்கள் பிள்ளைகள் முன்னாலும் பின்னாலும் ஆடிக்கொண்டு போனோம். பாதை வளைவில் மருந்தையா தனியாக நின்றிருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, ஐயா! இதையும் நம்ம புலி வீட்டுல வைப்பீங்கதானே?"

தலைகீழாக ஆடிக்கொண்டு போன அந்த முகத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடமில்ல தாயி" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அறையில் ஒரு பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு புலி விஷயத்தில் போய் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று நினைத்து, அவர் கையை உதறிவிட்டுத் தப்புச் சத்தத்தின் பின்னால் ஓடினேன்.