காயில் கட்டியாச்சு

சங்கரன்கோவிலில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். மோட்டாரைக் கடைவாசலில் இறக்கும்போதே வாசனையை வைத்துக் காயில் எரிந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இப்போது அந்தத் திமிரை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன கோடையில் ஒரு மத்தியானம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி தூக்குவாளியை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அத்தான், இப்படி ஒரு தலைவலி எனக்கு வந்ததே இல்ல. யாரோ மண்டையில அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

பயிர் காய்கிறது என்று வாசுதேவநல்லூர் விவசாயி ஒருவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் கம்பியைச் சுற்றிச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெயிலாக இருக்கும், மாத்திரை போட்டுப் படு என்று கையால் சைகை காட்டினேன். நிமிர்ந்து அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் காலையில் துணி காயப்போட்டவள் கொடிக்கடியிலேயே விழுந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளை ரத்தக்குழாயில் ஓரிடம் பலவீனமாகி, மொட்டு மாதிரிப் புடைத்து, வெடித்துவிட்டது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அன்றைக்கு வந்த தலைவலியே லேசாக ரத்தம் கசிந்ததால் இருக்கலாம் என்றார். மண்டையைத் திறக்க வேண்டாமாம். தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை அனுப்பி, அந்தப் புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி அடைத்துவிடுவார்களாம். அதற்குப் பெயர் காயில்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குமேல் டாக்டர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. வெளியே அழுதுகொண்டிருந்த அவள் அப்பாவிடம் போய்ப் பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன்.

"அழாதீங்க மாமா. காயில் கட்டப்போறாங்க. கட்டிட்டா புது மோட்டார்தான்."

சிகிச்சை நன்றாகவே முடிந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் காயில் கட்டியாச்சு, காயில் கட்டியாச்சு என்று சொன்னேன். அஞ்சாம் நாள் கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி தருவீங்களா?" என்றாள்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் அண்ணாச்சிதான். கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அது வந்ததில்லை. மயக்கம் தெளியவில்லை என்று நினைத்தேன். டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். காயில் மறுபடி வெடிக்காமல் காக்கும், ஏற்கெனவே கொட்டிய ரத்தம் கெடுத்ததை அது சரிசெய்யாது. முதலிலேயே இதையும் சொல்லியிருந்தாராம்.

இப்போது நடக்கிறாள், சாப்பிடுகிறாள். தன் அப்பாவைத் தெரிகிறது. கல்யாண போட்டோவைக் காட்டினால் எங்க அத்தான் என்று வெட்கப்படுகிறாள். பக்கத்தில் நிற்கிற என்னைத்தான் தெரியவில்லை. சில நாள் அடுப்படியிலிருந்து "அத்தான்" என்று குரல் வரும். விழுந்தடித்துக்கொண்டு ஓடுவேன். அதற்குள் அந்த நினைவு போயிருக்கும்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். இதே சிகிச்சை செய்துகொண்டு பழையபடி பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா, கணவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் என்ன செய்வார், பாவம். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுக் காயில் அருமையாக இருக்கிறது என்றார். நானும் பார்த்தேன். தொழில்காரன் என்ற முறையில் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பஸ்ஸில் திரும்பும்போது ராஜபாளையம் தாண்டியதும், தலை வலிக்கா என்று அவளிடம் கேட்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்டுவிடுகிறேன்.

"வலிச்சா எங்க அத்தான்கிட்ட சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. அவங்க என்னைய அப்படியே விட்டுர மாட்டாங்க" என்றாள்.

பிறகு, சங்கரன்கோவில் வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டு, என் தோளில் பட்டுவிடாமல் தள்ளி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.