நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் சவரிமுத்து

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். மலேசியாவின் ஈஜோக்கில் அடைமழை. தகரக் கூரையின் இரைச்சலில் ஒன்றும் கேட்காததால் கணினியின் ஒலியை முழுவதும் ஏற்றி வைத்திருந்தேன்.

தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றபின், படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலை கிடைத்தது. கம்பெனி ஆங்கில வசனங்களை நேரக் குறிப்போடு அனுப்பும். அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். வரிக்கு வரி தமிழில் எழுதித் தர வேண்டும். அந்த முறை வந்தவை பழைய இத்தாலியக் குற்றப் படங்கள், பன்னிரண்டு. அன்று எட்டாவது.

எண்ணுவது கிராணி வேலையில் ஒட்டிய பழக்கம். அந்த எட்டுப் படங்களில் கறுத்த மனிதர்கள் பத்தொன்பது பேர். பதினொருவர் பாதிப் படத்துக்குள் சாகிறார்கள். ஐவர் தட்டு ஏந்துகிறார்கள். இருவர் ஆடுகிறார்கள். ஒருவன் போலீசில் அடிபடுகிறான். வாய் திறந்து பேசுபவன் அவன் மட்டுமே. இத்தாலியின் தெற்கிலிருந்து வடக்கே பிழைக்க வந்த சொந்த நாட்டுக்காரனையே திருடனாகக் காட்டிய படங்கள் அவை. தோட்டம் மூடி ரவாங் பட்டணத்துக்குப் போன நம் பையன்களை இங்குள்ள நாடகங்கள் காட்டுவதும் அப்படித்தான்.

அடிபடுகிறவன் கப்பலில் வேலை செய்பவன். நாற்காலியில் கட்டி, முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் 'அகமது' என்று கூப்பிட்டு அறைகிறார். அவன் ஏதோ சொல்கிறான். டெம்ப்ளேட்டில் 'அந்நிய மொழி' என்று இருந்தது. என் கண் எழுத்தின் மேலேயே இருந்ததால் நானும் அப்படியே தட்டினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி ரோசம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அது, நம்மாளு பேசுறான்?"

"இத்தாலிப் படம்மா."

"எனக்கென்ன காது செவுடா? திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டேன். நாற்காலியில் கட்டுண்டவன் பேசியது தமிழ்.

"வெளக்கத் திருப்புங்கய்யா, கண்ணு எரியுது. எம் பேரு அகமது இல்லீங்க, சவரிமுத்து."

"வேதக்காரப் பிள்ளைய போட்டு இந்த அடி அடிக்கிறானுவ," என்றாள் ரோசம்மா.

அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் படமெடுத்த பிறகு வேறு ஆட்கள் குரல் கொடுப்பார்கள். இவனுக்கு மட்டும் ஆள் தேட மெனக்கெடவில்லை போலும். கடைசியில் வரும் பெயர்களை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாயைப் பழக்கியவர் பெயர் இருந்தது. சவரிமுத்து இல்லை. விளக்கைத் திருப்பச் சொன்னது கதையில் வரும் போலீசிடமா, படமெடுத்தவர்களிடமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

'அந்நிய மொழி'யை அழித்துவிட்டு அவன் சொன்னதை எழுதி அனுப்பினேன். மறுவாரம், ரவாங் அலுவலகத்தில் எங்கள் வேலையைக் கவனிக்கும் பிரிசில்லா கூப்பிட்டாள். கெர்லிங் தோட்டத்துப் பிள்ளை.

"அங்கிள், எட்டாவது ஃபைல் ரிஜெக்ட். டெம்ப்ளேட்ல இல்லாத லைன் போட்டிருக்கீங்க."

"படத்தக் கேட்டுப் பாத்தியாம்மா?"

"கேட்டேன். எங்க தாத்தா பேசுற மாதிரியே இருக்கு. ஆனா செக் பண்றவங்களுக்குத் தமிழ் தெரியாது லா."

"நீ எடுத்துச் சொல்லேன்."

"ரெண்டு மெயில் போட்டாச்சு. ஒரிஜினல்ல இல்லன்னு ஒரே பதில்தான். பழையபடி மாத்திக் குடுத்திருங்க அங்கிள். இல்லாட்டி மிச்ச ஃபைலெல்லாம் வேற ஆளுக்குப் போயிரும்."

நான் மாற்றவில்லை. வேறு ஆள் மாற்றினார்.

நான்கு மாதம் கழித்துத் தமிழ் சப்டைட்டிலோடு படம் வெளியானது. நானும் ரோசம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் சவரிமுத்து தமிழில் தன் பெயரைச் சொன்னான். அடியில் தமிழில் எழுதியிருந்தது: அந்நிய மொழியில் பேசுகிறான்.

ரோசம்மா ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை ஏற்றினாள். அதற்குள் காட்சி மாறிவிட்டது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. டெம்ப்ளேட்டைப் படிக்குமுன் காதைக் கொடுங்கள். கேட்டதை எழுதினால் அது நிலைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

எட்டாவது படத்துக்குக் கூலி வரவில்லை. மீதி நான்கும் கைவிட்டுப் போயின. படத்துக்கு முந்நூற்று இருபது வீதம், ஐந்துக்கும் ஆயிரத்து அறுநூறு வெள்ளி.