பொழுது சாய்வதற்குள் நூறு வாட்

உலகமே மௌனம் தேடி வந்திறங்கும் திருவண்ணாமலையில், பதினோரு வருடமாகச் சத்தம் தேடி அலைந்த ஒரே மனிதர் வர்த்தமானன். வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை. சமணக் குடும்பம்; பூண்டு, வெங்காயம் தொடமாட்டார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். கிடாரைத் தோளில் மாட்டினாலோ, எதிர்க்கடை ஷட்டர் தானாக இறங்கும். ஹெவி மெட்டல்!

அவருக்கு ஒரு நல்ல ட்யூப் ஆம்ப் வேண்டும். பழைய வால்வு ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி விளக்குகள் சிவந்து கிடாருக்கு உறுமல் கொடுக்கிற பெட்டி. அடி அண்ணாமலையில் ஒரு பின்லாந்துக்காரரிடம் அப்படி இரண்டு இருந்தன. மனிதர் மௌன விரதத்தில் உட்கார்ந்துவிட்டதால் இரண்டையும் விற்கிறார். பேச்செல்லாம் நோட்டில்தான். 'ஒன்றை எடுத்துக்கொள். மற்றது ஆறு மணி வண்டியில் சென்னைக்குப் போகிறது' என்று எழுதிக் காட்டினார்.

அவர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அறிவுமதியும் நானும் கூடப் போயிருந்தோம்.

முதலில் இருபது வாட். சின்னது, நாலு பக்கமும் மூடியது. மெதுவாக வாசித்தால் அருமை. தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வேகமாக வெட்டினால் கூழாகிவிட்டது.

"ராகிக்கூழ்ணா," என்றாள் அறிவுமதி. "பெருசைப் போடு."

நூறு வாட்டின் முதுகு திறந்தே இருந்தது. நான்கு பெரிய ட்யூப்களும் மெல்லச் சிவந்தன. வர்த்தமானன் ஒரே ஒரு வெட்டு வெட்டினார். என் விலா எலும்பு ஒவ்வொன்றும் தன் இடத்தைச் சொன்னது. எத்தனை வேகமாக வெட்டினாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கருங்கல்லில் உளி இறங்குவதுபோல். எதையும் கிண்டல் செய்தே பழகிய என் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பின்லாந்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார்: 'இன்னொரு தடவை.'

இன்னொரு தடவையே நாலைந்து தடவை ஆனது. வெளியே வெளிச்சம் மங்கியது. முந்தின நாள் மழை. ஜன்னல் வழியே ஈசல் வந்தது, ஒன்றல்ல, கூட்டமாக. நேராக ட்யூப்களை நோக்கி.

வர்த்தமானன் பாதி வெட்டில் நிறுத்தினார். ஸ்விட்சை அணைத்தார். சூடு உடனே ஆறாது என்பதால் நோட்டைப் பிடுங்கி ஈசல்களை விசிறினார்.

"என்னாணா பண்ற? ஈசலுக்காகவா?"

"விளக்குக்கு வர்ற பூச்சி சோத்துல விழுந்து சாவக்கூடாதுன்னுதான் எங்க வீட்ல பொழுது சாய்றதுக்குள்ள சாப்டறோம். இது மட்டும் சாவலாமா?"

"அப்போ சின்னதை எடு. அது மூடித்தானே இருக்கு."

"கூழும்மா அது."

வாசலில் சென்னை வண்டி ஹாரன் அடித்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நாலு ட்யூப்களும் கறுக்கும்வரை விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெருசுதான். பொழுது சாய்ஞ்சா ஆன் பண்ண மாட்டேன். சோறு மாதிரிதான் இதுவும்."

"பகல்ல மெட்டலா? எவன்ணா வருவான்?"

வந்தார்கள். போன மாதம் கல்யாண மண்டபத்தில், மதியம் மூன்று மணிக்கு, கறுப்பு டி-ஷர்ட்டும் வியர்வையுமாக இருநூறு பேர். தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார்கள். ஐந்தே முக்காலுக்கு, கடைசிப் பாட்டின் உச்சத்தில், வர்த்தமானன் ஜன்னலைப் பார்த்தார். கம்பியை அமுக்கினார். அணைத்தார். ஈசல் கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது; ஒருவரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. ட்யூப்கள் கறுத்து முடியும்வரை, ஈசல் வந்தால் விரட்டத் தயாராக, அறிவுமதி குச்சிகளைக் கீழே வைக்கவுமில்லை.