வலப்பக்கம் ஐந்து ஸ்பீக்கர்

சதுரங்கப்பட்டினத்து ஆல்வினுக்கு முதலில் வாய்த்த வேலை மரம் ஏறுவது. கள்ளுக்கு அல்ல, கேபிள் டிவிக்கு. தொண்ணூறுகளில் தென்னைக்குத் தென்னை ஒயர் இழுத்துக் கட்டினான். அடுத்தவர் வயலில் நாற்று நட்டு அவனை வளர்த்த அம்மா சாராளுக்கு, மகன் குனியாமல் பிழைக்கிறானே என்று திருப்தி. மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த பிறகு ஆல்வின் தரையிலேயே நின்று செய்கிற வேலையாகத் தேடினான். அந்தச் சமயம் பார்த்து, பக்கத்து அணு ஆராய்ச்சி நிலையக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஹோம் தியேட்டர் வாங்க ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் தர்மராஜ் வீட்டுக்குப் போனான். தர்மராஜ் திருநெல்வேலிக்காரர், ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். ஆல்வின் டிவி பக்கம் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் வூஃபர் என்று வைத்து, ஒயரையெல்லாம் சுவரோரம் பிளாஸ்டிக் பட்டியடித்து மறைத்துவிட்டு வந்தான்.

மறுநாளே தர்மராஜிடமிருந்து போன்.

"பின்னால இடது ஸ்பீக்கர் பேசல தம்பி. படத்துல ஒருத்தன் திடீர்னு எந்திரிச்சுப் போய்க் கதவத் திறக்கான். தட்டுன சத்தமே கேக்கல."

ஆல்வின் போய்ப் பார்த்தான். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் சரியாகத்தான் இருந்தன. ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தான். அதே புகார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் இடது காதுப் பக்கம் குனிந்து, "சார், சத்தம் கொஞ்சம் ஏத்தட்டா?" என்றான். பதில் இல்லை. வலப்பக்கம் போய் அதையே கேட்டான்.

"ஏத்து" என்றார்.

இருவரும் கொஞ்ச நேரம் படம் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் வலப்பக்கம் கொண்டாந்துரு. எங்க வீட்டம்மாகிட்ட சொல்லாத."

"ஏன் சார்?"

"இத்தன வருசமா சொல்லல. இப்பச் சொன்னா, ஏன் சொல்லலன்னு கேப்பா."

ஐந்தையும் வலப்பக்கச் சுவரில் மாட்டினான். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி ஸ்ரீதேவி நின்று பார்த்தாள்.

"என்னப்பா இது, ரேஷன் கடை வரிசை மாதிரி?"

"ரூம் அமைப்பு அப்டிம்மா."

அவள் ஆல்வினைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். சோபாவுக்கு இடப்பக்கம் கிடந்த தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து ஆல்வின் தன் மனைவி ஜாய்ஸிடம் சொன்னான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா எந்தப் பக்கம் ஒக்காரும்?"

"எடது பக்கம்."

"அப்போ இத்தினி வருசமா யார்கிட்ட பேசிகினு இருந்துச்சு?"

 

அடுத்த வாரம் மறுபடி போன். இந்த முறை பேசியது ஸ்ரீதேவி. இரண்டு ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதாம்.

போய்ப் பார்த்தால், அவளுடைய நாற்காலி சோபாவுக்கு வலப்பக்கம் வந்திருந்தது. அதன் கால் ஏறி, பட்டியோடு ஒயரும் நசுங்கிக் கிடந்தது. தர்மராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாற்காலிய கொஞ்சம் அப்பால போட்டீங்கன்னா..."

"அது அங்கதான் கிடக்கும். நீ ஒயர மாத்து."

தர்மராஜ் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. "அதான் சொல்றால்ல, மாத்து" என்றார்.

ஆல்வின் மண்டி போட்டு, நாற்காலியைச் சுற்றி ஒயரைக் கொண்டுபோக ஆரம்பித்தான்.